ஊரில் நிற்கும் மருத்துவர்

வலிகாமத்தில் பிறந்து இன்று ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பாரிசிலோ குடியிருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை விரித்துப் பாருங்கள். பிறந்த இடம் இணுவில் என்றிருந்தால் வியப்பதற்கில்லை. அவருடைய சொந்த ஊர் உடுவிலாக இருக்கலாம், சுன்னாகமாக இருக்கலாம், அளவெட்டியாகவும் இருக்கலாம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண்ணை, வலி கண்டதும் வீட்டார் ஏற்றிச் சென்ற இடம் இணுவில். பெயர்ப்பலகையில் அது மக்லியொட் மருத்துவமனை. ஊர்வாயில் இணுவில் ஆஸ்பத்திரி. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும், புகையிலைத் தோட்டத்துக்கும், கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சத்துக்கும் பேர்போன அவ்வூர் பிள்ளைப்பேற்றுக்கும் பேர்பெற்றது இப்படித்தான்.

அம்மருத்துவமனை 1898இல் எழுந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மேரி, மார்கிரட் லீச் என்னும் சகோதரியர் கடல்கடந்து ஊர் ஊராகச் சென்று இரந்து திரட்டிய பணம் அதற்கு அடிநிலையாயிற்று. அதன் தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்ற இசபெல்லா கர் அம்மையார் 1896இல் யாழ்ப்பாணம் வந்தவர், ஸ்கொட்லாந்துக்காரர். மின்சாரம் இல்லை, குருதி ஏற்றும் வசதி இல்லை, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து என்ற ஒன்று உலகிலேயே இல்லை. பிள்ளை குறுக்கே கிடந்தால், நஞ்சுக்கொடி விழாமல் நின்றால், தாயின் உயிர் மருத்துவரின் கைத்திறனையும் தாதியின் விழிப்பையும் மட்டுமே நம்பியிருந்த காலம் அது.

பெண்களுக்கென்று தனி மருத்துவமனை எதற்கு என்ற வினாவுக்கு அக்காலத்து வீடுகளே விடை சொல்லும். ஆண் மருத்துவர் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பதை வீட்டார் பொறுக்கமாட்டார்கள். திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வலியில் தவிக்கும் தம் பெண்களுக்கு உதவ வருமாறு இளம்பெண் ஐடா ஸ்கட்டரை அழைத்தனர். தமக்கு மருத்துவம் தெரியாது, மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றார் அவர். ஆண் வேண்டாம் என்று மூவரும் திரும்பினர். மூன்று பெண்களும் மாண்டனர். அந்த இரவே ஐடாவை மருத்துவம் படிக்க அனுப்பிற்று. 1900இல் வேலூரில் அவர் தொடங்கியதே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வித்து. இந்தக் கதையைப் பலர் அறிவர். ஐடாவின் பாட்டனார் ஜோன் ஸ்கட்டர் வேலூருக்கோ சென்னைக்கோ முதலில் வந்தவரல்லர் என்பதை அறிந்தோர் சிலரே. 1820இல் அவர் மருந்துப்பெட்டியோடு வந்து அமர்ந்த இடம் எங்கள் பண்டத்தரிப்பு. அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட மருத்துவ மிஷனரிமாருள் முதல்வராக எண்ணப்படுபவர் அவர்.

வசதியற்ற அயல்நாட்டு மருத்துவமனைக்குச் சென்று தொண்டாற்றும் மருத்துவர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் ஆபிரிக்கக் காட்டில் ஒரு வெள்ளைக் கூடாரம் எழுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூடாரம் நம் வீட்டு முற்றத்தில் அடிக்கப்பட்டிருந்தது. வந்தவர்கள் எப்படிப் பணியாற்றினார்கள், எதை விட்டுச் சென்றார்கள் என்ற கணக்கு நம்மிடம் இருக்கிறது. அந்தக் கணக்கை இன்று மீண்டும் எடுத்துப் பார்க்கக் காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

இணுவிலிலிருந்து மேற்கே சிறிது தொலைவில் மானிப்பாய். அங்கே சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848இல் குடியேறினார். 1822இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் பிறந்து, நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, 1847இல் கப்பலேறியவர். பொஸ்ரன் நகரில் ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கி அறுவை செய்து காட்டிய நிகழ்வு நடந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. கொள்ளைநோய் என்று ஊர் நடுங்கிய வாந்திபேதியோடு அவர் ஆண்டுக்கணக்கில் போராடினார். அந்நோயின் கிருமியை இன்னதென்று கொக் என்னும் ஆய்வாளர் நிறுவிய காலத்தில், 1884 மே மாதத்தில், கிறீன் இறந்துபோனார். எதிரி யாரென்று தெரியாமலே வாழ்நாள் முழுவதும் போரிட்டவர் என்று சொல்லலாம்.

அவரை நாம் நினைப்பது அவர் குணப்படுத்திய நோயாளருக்காக அன்று. வந்த மறு ஆண்டே அவர் உள்ளூர் இளைஞர் சிலரைக் கூட்டி மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில். மாணவர் தேறினர், நல்ல மருத்துவர் ஆயினர், ஆனவுடன் அரசாங்கச் சம்பளத்தைத் தேடி வெளியூர்களுக்குப் புறப்பட்டனர். ஊர் இருந்தபடியே இருந்தது. ஆங்கிலம் படித்த மருத்துவன் ஆங்கிலம் விலைபோகும் இடத்துக்கே போவான் என்பதைக் கிறீன் கண்டுகொண்டார். தாய்மொழியில் கற்றவன் தன் மக்களிடையே நிற்பான் என்று கணக்கிட்டு, 1864இல் தம் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மூளைசாலிகள் நாட்டைவிட்டு ஓடுகிறார்கள் என்று இன்று கருத்தரங்கு வைத்துப் பேசுகிறோம். அந்த நோயை அன்றே இனங்கண்டு மருந்தும் எழுதியவர் மானிப்பாயில் இருந்த ஓர் அமெரிக்கர்.

மருந்தெழுதுவது எளிது, மருந்து கலப்பது பெரும்பாடு. தமிழில் வகுப்பு என்றால் தமிழில் நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். கிறீன் தமிழ் கற்றிருந்தார். தம் மாணவரையே துணைக்கு அமர்த்தினார். சப்மன், டன்வோர்த் என்று அவர்கள் பெயரைப் படித்துவிட்டு வெள்ளையர் என்று மயங்கக்கூடாது. படிப்புச் செலவு கொடுத்த அமெரிக்கப் புரவலரின் பெயரை அக்கால மிஷன் பள்ளிகள் பிள்ளைகளுக்குச் சூட்டின. இவர்கள் கூடி மொழிபெயர்த்தவற்றுள் உடற்கூற்று நூலுக்கு மனுஷ அங்காதிபாதம் என்று பெயர்; 1872. உடற்றொழில் நூல் மனுஷ சுகரணம், 1883. அறுவை மருத்துவத்துக்கு இரணவைத்தியம். அது வெளிவந்த 1867ஆம் ஆண்டில்தான் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தால் புண் புரையோடாமல் காக்கும் முறையை மருத்துவ இதழில் எழுதினார். வேதியியலுக்குத் தக்க தமிழ் கிடைக்கவில்லை போலும், கெமிஸ்தம் என்றே வைத்தார்கள், 1875. தனித்தமிழ் அன்பர் முகஞ்சுளிப்பர். முதலில் தமிழில் சொல் தேடுவது, இல்லையெனின் வடமொழி, அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைப்பது என்று முறைவகுத்து, அருஞ்சொற் பட்டியல்களையும் அச்சிட்டனர். நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் தமிழில் மேனாட்டு மருத்துவம் சேர்ந்தது.

1873இல் கிறீன் நாடு திரும்பினார். உடல் தளர்ந்திருந்தது; தமிழ்ப் பணி நிற்கவில்லை. வூஸ்ரரில் அமர்ந்துகொண்டே பிரதிகளைத் திருத்தினார். அவருடைய தமையனார் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க்கின் பெரும்புள்ளி. நகரின் நடுப் பூங்காவை அமைத்தவருள் ஒருவர். பல நகரங்களை ஒன்றிணைத்துப் பெருநகராக்கிய திட்டத்தின் தந்தை எனப்படுபவர். அந்த இணைப்பு நிறைவேறிய ஆண்டும் 1898. இணுவிலில் மகப்பேற்று விடுதி திறந்த ஆண்டும் அதுவே. தம்பியாரோ தம் கல்லறையில் தமிழருக்கு மருத்துவத் தொண்டர் என்னும் பொருள்பட ஒரு வரி பொறிக்கப்பட்டால் போதுமென்று விரும்பினார். அப்படியே பொறித்துள்ளனர்.

இங்கே ஒன்றை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. இவர்கள் மருந்தோடு மதத்தையும் கொண்டுவந்தார்கள். நோயாளி மருந்துக்குக் காத்திருந்த நேரம் பிரசங்க நேரமாயிற்று. நம் முன்னோர் பலர் அதை வெறுத்தனர். வெறுக்க அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆறுமுக நாவலர் பிறந்த ஆண்டும் 1822 என்பதை வரலாற்றின் விளையாட்டென்றே சொல்லவேண்டும். ஒருவர் நல்லூரில், ஒருவர் வூஸ்ரரில். இரு மாத இடைவெளி. ஒருவர் சைவத்தைக் காக்கத் தமிழ் உரைநடையைச் செப்பஞ்செய்தார். மற்றவர் கிறித்தவத்தைப் பரப்ப வந்து அதே உரைநடையில் எலும்புக்கும் நரம்புக்கும் பெயரிட்டார். தம் மாணவர் கிறித்தவராகவேண்டும் என விரும்பிய கிறீன் அவர்கள் உடையிலும் உணவிலும் ஆங்கிலேயராகவேண்டும் என விரும்பவில்லை. நாவலரின் பக்கம் நிற்பவர்கூட அந்த அளவில் அவரை மதிக்கலாம்.

கிறீனின் வகுப்பு அவருக்குப் பின் நெடுநாள் நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பில் அரச மருத்துவப் பள்ளி திறந்தது, ஆங்கிலத்தில். அரச உத்தியோகம் அதன் சான்றிதழுக்கே. மானிப்பாயில் தமிழில் கற்றவனுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. நூல்கள் நூலகங்களுக்குப் போயின. பட்டம் பெற்றவர் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போயினர். பின்னாளில் இலண்டனுக்குப் போயினர்.

இணுவிலின் வரலாறு சற்று வேறு. அங்கே மருத்துவர் ஆங்கிலத்தில் கற்றவர்தாம். ஆயினும் அம்மருத்துவமனை உள்ளூர்ப் பெண்களைத் தாதியராகவும் மருத்துவிச்சியராகவும் பயிற்றியது. மருத்துவர் மாறினாலும், கப்பல் தாமதித்தாலும், விடுதியில் இரவுக் காவலில் நின்றவள் அடுத்த தெருப் பெண். இலங்கை முழுதுக்கும் இதே உண்மை பொருந்தியதை எண்கள் காட்டும். 1940களின் முற்பாதியில் இந்நாட்டில் இலட்சம் பிரசவங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை ஏறக்குறைய முப்பது. அவ்வீழ்ச்சியின் பெரும்பங்கு பெருமருத்துவமனைகளின் நிபுணரைச் சேராது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையோடு ஊர்தோறும் நடந்து திரிந்த குடும்பநல மருத்துவமாதுக்களைச் சேரும். அவர்கள் எவரும் வெளிநாட்டுத் தேர்வு எழுதி ஊரைவிட்டுப் போகவில்லை.

இனி, இந்தக் கணக்கை இப்போது எடுத்ததன் காரணம்.

2022இல் நாடு வங்குரோத்தானது. அவ்வாண்டு மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. மயக்கம் தெளிவிக்கும் மருந்துகூடக் கையிருப்பில் போதவில்லை. அதன்பின் ஈராண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர் நாட்டைவிட்டுச் சென்றதாக மருத்துவர் சங்கம் கூறியது. 1945இன் இலவசக் கல்வியால் ஆளாக்கப்பட்டவர்கள், வரிசெலுத்தும் கூலிக்காரனின் காசில் ஐந்தாண்டு பயின்றவர்கள், பட்டப்பின் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பப்பட்டு அங்கேயே நின்றுவிட்டவர்கள். இவர்களைத் துரோகிகள் என்று மேடையில் வைவது எளிது. நாமும் வைதிருக்கிறோம். ஆனால், தொடர்ந்து இரண்டு இரவு கடமை பார்த்துவிட்டு, வண்டிக்கு எண்ணெய் இல்லாமல் வரிசையில் நின்று, சம்பளத்தின் பெறுமதி ஓராண்டில் பாதியாகக் கண்ட இளைஞனிடம் தியாகத்தை மட்டும் கேட்பது அரசியல்வாதிக்குக் கைவந்த கலை. அவனை ஈர்த்துக்கொள்ளும் நாடுகளிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. 2010இல் உலக சுகாதார நிறுவனம் நாடுகளுக்கிடையே சுகாதாரப் பணியாளரைச் சேர்ப்பதற்கு நெறிக்கோவை ஒன்றை நிறைவேற்றிற்று. ஏழை நாட்டின் மருத்துவரை எடுப்பவர் அந்நாட்டின் பயிற்சிக்குக் கைகொடுக்கவேண்டும் என்பது அதன் உட்கருத்து. கட்டாயம் இல்லை, ஆதலால் கைகொடுப்பதும் இல்லை.

போனவர்களுள் சிலர் திரும்பி வருகின்றனர், விருந்தாளிகளாக. ஆடி ஆவணியில், நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டி, இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் மருத்துவக் குழுக்கள் வருகின்றன. இரு கிழமை முகாம். கண் பார்ப்பர், செவி பார்ப்பர், சில அறுவைகள் செய்வர். படம் எடுப்பர். புறப்படும்போது ஒரு கருவியை அன்பளிப்பாக வைத்துச் செல்வர். மனம் நல்லது, அதில் ஐயமில்லை. ஆனால் கிராமப்புற வைத்தியசாலை ஒன்றின் களஞ்சிய அறையை எட்டிப் பார்த்தவருக்குத் தெரியும்: பழைய சேலைத்துணி போர்த்த அல்ட்ராசவுண்ட் இயந்திரம் ஒன்று மூலையில் நிற்கும். மேலே நன்கொடையாளர் பெயர் பித்தளைத் தகட்டில். பழுதுபார்க்கும் பொறியாளர் கொழும்பிலிருந்து வரவேண்டும்; உதிரிப்பாகம் ஜேர்மனியிலிருந்து வரவேண்டும்; அச்சுத் தாள் தீர்ந்து ஆண்டிரண்டு. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி ஒன்று, சில நாடுகளில் நன்கொடையாக வந்த கருவிகளுள் 10 முதல் 30 வீதம் வரையே இயங்குநிலைக்கு வருகின்றன என்று எழுதியது. நம் களஞ்சிய அறைகளை எண்ணினால் அதை நம்ப மறுப்பதற்கில்லை.

கருவியைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. புலம்பெயர் மண்ணில் பிறந்து மருத்துவரான நம் பிள்ளைகள் வருகிறார்கள், நல்ல பிள்ளைகள், பாட்டன் ஊரைக் காணும் ஆவல் கண்ணில் தெரியும். கர்ப்பிணி ஒருத்தி கட்டிலின் விளிம்பில் இருந்து "நாரி உளையுது அம்மா, நேற்று இரவு தொடக்கம்" என்கிறாள். தாதி மொழிபெயர்க்கிறாள்: முதுகுவலி. மருத்துவர் வலிமாத்திரை எழுதுகிறார். அருகில் நிற்கும் அனுபவப்பட்ட மருத்துவமாது அந்தச் சொல்லைக் கேட்ட கணமே வயிற்றில் கைவைத்துப் பார்க்கிறாள். ஏனெனில் எட்டாம் மாதத்து நாரி உளைவு யாழ்ப்பாணத்துப் பெண்ணின் வாயில் பெரும்பாலும் பிரசவ நோவின் முதற்செய்தி. "நெஞ்சு அந்தரிக்குது" என்பதும், "கால் விறுவிறுக்குது" என்பதும், "வயிறு பொருமுது" என்பதும் அவ்வாறே. இவற்றை ஆங்கில நூலில் தேடிப் பயனில்லை. கிறீன் தமிழ் படித்தது மக்களிடம் நல்ல பெயர் எடுப்பதற்காக என்று நாம் எண்ணுகிறோம். நோயை அறிவதற்கே அவருக்குத் தமிழ் வேண்டியிருந்தது. அதே குறையை வடக்குக்கு மாற்றலாகி வரும் சிங்கள மருத்துவரிடமும், தெற்கில் கடமையாற்றும் தமிழ் மருத்துவரிடமும் காணலாம். அது தனியே எழுதவேண்டிய பெருங்கதை.

குறுகிய காலத்துக்கு வருவோர் அனைவரையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று. போர்க்காலத்தில் எல்லைகளற்ற மருத்துவர் அமைப்பு 1986 முதல் இந்நாட்டில் பணியாற்றியது. பருத்தித்துறை மருத்துவமனையில் அறுவை மருத்துவரும் மயக்கமருந்து நிபுணரும் தொடர்ந்து வந்துபோயினர். எறிகணை விழும்போது தமிழ் பேசத் தெரியுமா என்று எவரும் கேட்பதில்லை. அறுக்கத் தெரிந்தால் போதும். பொருளாதாரத் தடையில் மருந்தும் எரிபொருளும் மின்கலமும் தடைப்பொருள்களாய் இருந்த ஆண்டுகளில் செஞ்சிலுவைக் கப்பல் கொண்டுவந்த பெட்டிகளே மருந்தறைகளை நிரப்பின. அந்த நன்றியை நாம் மறந்தால் மனிதர் அல்லோம்.

ஆயினும் அந்த ஆண்டுகளிலும் ஆஸ்பத்திரிகளைத் தாங்கிப்பிடித்தவர் இங்கேயே நின்றவர்களே. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில் 1987 ஒக்டோபர் 21, 22ஆம் நாள்களில் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டனர். மருத்துவர் சிவபாதசுந்தரம், மருத்துவர் பரிமேலழகர், மருத்துவர் கணேசரத்தினம் ஆகியோர் கடமையிலிருந்த இடத்திலேயே கொல்லப்பட்டனர். தாதியரும் பணியாளரும் நோயாளரும் உடன் மாண்டனர். அவர்களுக்கும் வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கும்.

1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர் ராஜினி திராணகம. லிவர்ப்பூலில் பட்டமேற்படிப்பு முடித்தபின் அங்கேயே இருந்துவிட அவருக்கு வழி இருந்தது. திரும்பிவந்தார். பீடத்தில் விரிவுரையாளர் பற்றாக்குறை. பகலில் வகுப்பு, மாலையில் போரில் சிதைந்த பெண்களிடம் சாட்சியம் கேட்டல். எந்த ஆயுதக்காரருக்கும் அஞ்சாமல் எழுதினார். 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்குச் சைக்கிளில் திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார்; வயது முப்பத்தைந்து. மனுஷ அங்காதிபாதம் அச்சேறி நூற்றுப்பதினேழு ஆண்டுக்குப் பின், அதே மண்ணில் அதே பாடத்தைக் கற்பித்த ஒருத்திக்கு நாம் கொடுத்த சம்பளம் அது. திரும்பி வாருங்கள் என்று வெளிநாட்டு மருத்துவரை அழைக்கும் முன், திரும்பிவந்த ஒருவரை இந்தச் சமூகம் எப்படி நடத்தியது என்பதை எண்ணித் தலைகுனிவது நம் கடன்.

நாமும் பிறநாட்டு வறிய மருத்துவமனைகளுக்குச் சென்றவர்கள்தாம் என்பதையும் சொல்லிவிடவேண்டும். 1970களிலும் 80களிலும் சாம்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் போன யாழ்ப்பாணத்து ஆசிரியரும் மருத்துவரும் பலர். பெரும்பாலோருக்கு அது இலண்டனுக்குப் போகும் வழியில் ஒரு தங்குமடமாக இருந்தது. அவர்களில் எத்தனைபேர் அங்குள்ள மொழியில் ஒரு சொல்லேனும் நோயாளியிடம் பேசினர் என்று கேட்டால் நம் முகம் சிவக்கும். ஆகவே கிறீனையும் கர் அம்மையாரையும் புகழும்போது வெள்ளைக்காரரைப் புகழ்வதாக எவரும் எண்ணவேண்டா. செய்யவேண்டியதைச் செய்தவரைச் சொல்கிறோம். செய்யாதவருள் நாமும் அடக்கம்.

பழையபடி மருத்துவக் கல்வியைத் தமிழுக்கு மாற்றுங்கள் என்பது நம் கோரிக்கை அன்று. உலகின் மருத்துவ அறிவு முழுதும் ஆங்கிலத்தில் நாள்தோறும் வெளிவரும் காலத்தில், அந்தக் கதவை மாணவனுக்கு அடைப்பது கொடுமை. கிறீனின் திட்டத்தில் மருத்துவர் போகமாட்டாதவாறு மொழி ஒரு வேலியாகவும் இருந்தது. வேலி போட்டு மனிதரை நிறுத்துவதில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அத்திட்டத்தில் வேலியல்லாத பாதி ஒன்று உண்டு. தாதியருக்கும் மருத்துவமாதுக்களுக்கும் மருந்தாளருக்கும் தமிழில் தெளிவான நூல், தமிழில் தொடர்பயிற்சி. மருத்துவ மாணவருக்கு நோயாளியின் தமிழைக் கேட்டறியும் பயிற்சி. இதைச் செய்ய எந்தச் சட்டமும் தடையில்லை. நாலாயிரம் பக்கத்தை அச்சுக்கூடத்தில் எழுத்துக்கோத்து நம் பாட்டன்மார் செய்தார்கள். கணினி மேசையில் இருக்கும் நாம் நானூறு பக்கமாவது செய்திருக்கிறோமா?

வெளிநாடுகளிலிருந்து வரும் நம் மருத்துவர்க்கும், நம்மீது அன்பு கொண்டு வரும் பிறநாட்டு மருத்துவர்க்கும் இவ்வேடு பணிந்து சொல்வது இது. பத்து ஊரில் பத்து முகாம் வேண்டா. ஓர் ஊரைத் தேர்ந்துகொள்ளுங்கள். இணுவில் போன்ற சிறிய இடமாக இருக்கட்டும். ஓராண்டு தங்க இயலாதவர் ஆண்டுதோறும் அதே இடத்துக்கு, அதே தாதியரிடம் வாருங்கள். இருபது கண் அறுவை செய்வதைவிட அந்த அறுவைக்குப் பின் நோயாளியைப் பராமரிக்க மூன்று தாதியரைப் பழக்கிவிடுங்கள். கருவி கொண்டுவருவதென்றால் உதிரிப்பாகத்தையும், அதைத் திருத்தத் தெரிந்த உள்ளூர் இளைஞனின் பயிற்சிச் செலவையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். முடியாதெனின் அந்தக் காசில் அம்புலன்சுக்கு எண்ணெய் போடுங்கள். வருமுன் ஆறு மாதம் தமிழ் படியுங்கள். எழுதத் தெரியவேண்டா, கிழவி ஒருத்தி சொல்வதைக் கேட்டு விளங்கினால் போதும்.

அரசுக்கும் மருத்துவ சபைக்கும் கூறுவது சுருக்கமானது. இப்படி நீண்டகாலத்துக்குக் கற்பிக்க வருவோரின் தற்காலிகப் பதிவை மாதக்கணக்கில் இழுத்தடிக்காதீர்கள். இங்கே நிற்கும் இளம் மருத்துவருக்கு, குறிப்பாகத் தீவகத்திலும் வன்னியிலும் கடமைபுரிவோருக்கு, ஒழுகாத கூரையுள்ள விடுதியும் பிள்ளை படிக்கப் பள்ளியும் கொடுங்கள். அவர்களில் பலர் போகத் துடிப்பவர்கள் அல்லர், போகத் தள்ளப்படுபவர்கள்.

மருத்துவ பீடத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மனுஷ அங்காதிபாதமும் இரணவைத்தியமும் இன்று ஆராய்ச்சியாளர் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்டும் பொருள்களாகிவிட்டன. முதலாண்டு மாணவர் பிணவறைக்குள் நுழையும் நாளில், அவற்றின் ஒரு பக்கத்தையாவது அவர்கள் கையில் கொடுங்கள். பாடம் ஆங்கிலத்திலேயே நடக்கட்டும். தாங்கள் தொடப்போகும் ஒவ்வோர் எலும்புக்கும் மானிப்பாயில் ஒருமுறை தமிழில் பெயர் வைக்கப்பட்டிருந்தது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியட்டும்.